நாலாம் மாடியில் ஒருவர் தனிய இருந்தார்

தம்பிமார், தங்கச்சிமார்,

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது என்னைப் பிடித்துக் கேட்டீர்கள், வீட்டு வேலை பற்றி எழுதித் தாங்கோ அண்ணை, புதிசா வந்த ஆக்களுக்கு உதவும் என்று. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருக்கும். ஒரு தங்கச்சி அடித்துத் தருகிறேன் என்றவ, அவ திருத்துவா.

நிலம் துடைக்கிறது, சட்டை அயன் பண்ணுகிறது, படுக்கையில் கிடக்கிறவருக்குப் புண் வராமல் திருப்பிப் போடுகிறது, இதெல்லாம் இரண்டு கிழமையில் பிடிபடும். அதை எழுத மாட்டேன். நான் எழுதப் போவது தெருவைப் பற்றி. வீட்டு வேலைக்காரனுக்குத் தெருவும் வேலைதான். எனக்கு அது விளங்க இருபது வருசம் சென்றது. விளங்கினபோது ஒருவர் செத்துப்போனார். ஒருவன் இந்த நகரத்தை விட்டே போனான்.

வேலை வீட்டு அம்மாவை இங்கே சிஞோரா என்போம். அந்தச் சிஞோராவின் தகப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னேரம் நடக்கப் போவீர்கள். போலித்தேயாமா பக்கம், பெரிய மரங்களுக்குக் கீழே. அந்த நேரம் ஒருத்தரும் உங்களை மறிக்க மாட்டார்கள். பொலிஸ்காரன் கிழவரைப் பார்த்துச் சிரிப்பான், உங்களையும் பார்த்துச் சிரிப்பான். கிழவரை வீட்டில் விட்டுவிட்டு, கால் மணித்தியாலம் கழித்து, அதே தெருவால் தனிய வாருங்கள். அதே சட்டை. அதே முகம். அதே பொலிஸ்காரன். பத்திரத்தை எடு என்பான்.

கோபம் வரும். வரட்டும். ஆனால் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். உங்களை மறிக்காமல் விட்டது உங்கள் நல்ல சட்டை இல்லை. உங்கள் கைக்குள் இருந்த அந்தக் கை. அது இல்லையென்றால் நீங்கள் வேறு ஆள்.

பஸ் தரிப்பில் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் எங்களிடம்தான் கேட்பார்கள், ஆபிரிக்கப் பிள்ளைகளிடம் கேட்பார்கள். அந்தப் பிள்ளைகளிடம் எங்களைவிடக் கூட. பக்கத்தில் நிற்கிற இத்தாலிக்காரரிடம், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்று மரியாதையாகச் சொல்வார்கள். எங்களுக்கு, நீ இஞ்சை வா. நல்லவனும் இருக்கிறான். ஒருவன் என் பத்திரத்தைத் திருப்பித் தரும்போது மன்னிக்கச் சொன்னான். இருபது வருசத்தில் ஒருவன்.

எங்கடை ஆக்கள் இந்த நகரத்தில் ஓடுவதில்லை. கவனித்திருப்பீர்கள். பஸ் வெளிக்கிட்டாலும் ஓட மாட்டோம். மழைக்கும் ஓட மாட்டோம். ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வந்தது.

சொல்லித் தந்தது வேறு இரண்டு விசயம்.

எனக்கு முதல் வீடு எடுத்துத் தந்த அக்கா ஒருவ இருந்தா. பேர் வேண்டாம். முதல் நாள் பஸ்ஸில் என்னைக் கூட்டிப் போகும்போதே சொன்னா. பெர்மெசோவை, இந்த நாட்டில் இருக்கத் தருகிற அனுமதி அட்டையை, வீட்டிலேயே வை, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வை, போட்டோக் கொப்பியை மட்டும் சட்டைப் பையில் கொண்டு திரி. துலைத்தால் புது அட்டைக்கு ஒரு வருசம் அலைய வேண்டும், அந்த ஒரு வருசமும் நீ ஆளே இல்லை. இது முதலாவது.

இரண்டாவதை மெதுவாகச் சொன்னா.

"எங்கடை ஆள் ஒருத்தனைப் பொலிஸ் மறிச்சு வைச்சிருந்தால் நீ பாக்காதை. நில்லாதை. கண்ணும் குடுக்காதை. நேரை போ. நிண்டியெண்டால் ரெண்டு பேருக்கு வேலை போகும்."

அவவில் பிழை சொல்ல மாட்டேன். அவ வந்த காலத்தில் பாதிப் பேருக்குப் பத்திரம் இல்லை. அந்தப் பேச்சு எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. நானும் அப்படி இரண்டு தரம் தப்பினேன். நீங்கள் வரும்போது உங்களுக்கும் ஆராவது இதையேதான் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டையும் இருபது வருசம் பிசகாமல் கடைப்பிடித்தேன். இரண்டும் ஒரே நாளில் பிழையாகப் போனது.

சவிரி என்று ஒருவன். மன்னார்ப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளமை. போர்கோ வெக்கியோவில் ஒற்றை அறையில் மனைவியோடும் சின்ன மகளோடும் இருந்தான். நான் வேலை செய்த கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில், நாலாம் மாடியில், ஒரு வயசான அவொக்காத்தோவை, வக்கீலை, பராமரித்தான். நாற்பது வருசம் கோட்டில் கதைத்த மனிதர். கால் இரண்டும் ஏலாமல் போய்விட்டது. வாய் போகவில்லை. இரண்டு பேரும் மத்தியானம் சீட்டு விளையாடுவார்கள். அவொக்காத்தோ அளாப்புவாராம். சவிரி வாசலில் எல்லாருக்கும் சொல்லித் திரிவான்.

"நாப்பது வருசம் கள்ளரைக் காப்பாத்தின மனிசன் அண்ணை. தொழில் கொஞ்சம் ஒட்டாமல் விடுமோ?"

அவன் இருந்தால் சிரிப்பு இருக்கும். அவருடைய மகளும் அவனோடு நல்லம். நத்தாருக்குக் கேக் கொடுத்து, அவன் மகளுக்குச் சட்டையும் வாங்கிக் கொடுத்த சிஞோரா. அதையும் எழுத வேண்டும்.

அன்றைக்கு ஆபிரிக்கப் பக்கமிருந்து அந்தச் சூட்டுக்காற்று அடித்தது. எல்லா வீட்டிலும் சட்டர் பாதி இறக்கியிருந்தது. பதினொன்றரை இருக்கும். நான் என் சிஞோராவின் புருசனுடைய கோட்டுச்சூட்டை லோன்றியில் எடுத்துக்கொண்டு வந்தேன். கொழுவியில் தொங்கவிட்டு, நிலத்தில் முட்டாமல் கையை உயர்த்திப் பிடித்தபடி.

தெரு மூலையில் ஒரு பொலிஸ் கார். சவிரி காரைப் பார்த்தபடி நின்றான். கை இரண்டும் போனெற்றில். பக்கத்தில் மருந்துக்கடைப் பையைக் கொட்டி வைத்திருந்தார்கள். பெரிய ஆட்களுக்குக் கட்டுகிற பம்பஸ் ஒரு கட்டு, களிம்பு ஒன்று. அவனுடைய கைத்தொலைபேசியும் அதில் கிடந்தது. ஒருவன் அவனுடைய கொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டாவது ஆள் ஒரு கொத்துத் திறப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு நின்றான். அவொக்காத்தோவின் வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்பும் அதில்தான்.

சவிரி என்னைக் கண்டான். கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். நாடியை மட்டும் கட்டடப் பக்கம் திருப்பினான். பிறகு போனெற்றில் இருந்த கையில் நாலு விரலை மெல்லத் தூக்கிக் காட்டினான்.

நாலாம் மாடி. கிழவர் தனிய.

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, இப்பவும் சொல்ல மாட்டேன்.

என் பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கையில் தபால் கந்தோர் ரசீது மட்டும், அதுவும் கொப்பி. என் தலைக்குள் அதுதான் ஓடியது. பத்து நிமிசத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கிழவரின் மகள் ஒன்றரைக்கு வருவா என்று நினைத்தேன். அந்தக் கட்டடத்து வாசல்காரர் மூலைக்கு இங்கால் படி கூட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் எல்லா வீட்டுத் திறப்பும் இருக்கிறது. நாலாம் மாடிக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கோ என்று சொன்னால் காணும். நான் அவருக்குக் காலை வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். கோட்டு நிலத்தில் முட்டுது, தூக்கிப் பிடி என்றும் சொன்னார். தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

என் சிஞோரா வீட்டுக் குசினி யன்னலால் பார்த்தால் அந்த நாலாம் மாடி தெரியும். நான் சட்டை அயன் பண்ணினேன். ஏழு சட்டை. ஒவ்வொரு சட்டை முடியவும் நிமிர்ந்து பார்த்தேன். சட்டர் பாதி இறங்கினபடி இருந்தது. ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது சட்டையோடு நான் இறங்கிப் போயிருக்கலாம். ஐந்தாவதோடும் போயிருக்கலாம். ஒரு சட்டைக் கழுத்தைக் கருக்கிவிட்டேன். இருபது வருசத்தில் அது ஒன்றுதான் நான் கருக்கின சட்டை.

ஒன்றரை தாண்டி அம்புலன்ஸ் வந்தது.

பிறகு தெரிந்தது இதுதான். அன்று காலை பம்பஸ் முடிந்துவிட்டது. மகள் வரப்போகிறா, அவவுக்கு முன்னால் அந்தக் கோலத்தில் இருக்க அவொக்காத்தோவுக்கு வெட்கம். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா என்று அவர்தான் சவிரியை அனுப்பினார். சவிரி அவரை மலம் கழிக்கிற கதிரையில் இருத்தி, பத்து நிமிசத்தில் வாறன் என்று சொல்லிவிட்டு இறங்கினான். மருந்துக்கடை அடுத்த தெரு. வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான். வாசலுக்கு இருபது முப்பது எட்டு இருக்கும்போது மறித்தார்கள்.

இந்தப் பக்கத்தில் வீடு உடைக்கிறார்கள், உன்னிடம் ஏன் இவ்வளவு திறப்பு என்று கேட்டார்களாம். மேலே வயசான மனிதர் தனிய இருக்கிறார், வந்து பாருங்கோ என்று சவிரி மூன்று தரம் சொன்னானாம். உங்கள் எல்லாருக்கும் மேல் வீட்டில் ஒரு கிழவன் இருப்பான் என்று ஒருவன் சொன்னானாம். கொப்பி செல்லாது, அசல் எங்கே என்றார்கள். அசல் மாதா படத்துக்குப் பின்னால். அடையாளம் பார்க்க வேண்டும் என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாங்கில் பின்னேரம் நாலு மணி வரைக்கும் இருத்தி வைத்தார்கள். பிறகு எல்லாம் சரி, போகலாம் என்றார்கள். ஒரு பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை. மருந்துக்கடைப் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவொக்காத்தோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூப்பிட்டிருக்கிறார். பிறகு தானே எழும்பப் பார்த்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து, குளியலறை நிலத்தில் கிடந்தவரை மகள் கண்டா.

சவிரி அந்தப் பையோடு ஆசுப்பத்திரிக்குப் போனான். மகள் நடைபாதையில் நின்றா. அவன் நடந்ததைச் சொன்னான். அவ சத்தம் போடவில்லை. ஒன்று கேட்டாவாம்.

"ஒண்டும் செய்யாத ஆளைப் பொலிஸ் ஏன் நாலு மணித்தியாலம் வைச்சிருக்குது?"

அதற்கு மறுமொழி எங்களில் ஆரிடம் இருக்கிறது?

மகள் அவனை வேலையால் நிற்பாட்டினா. முறைப்பாடு ஒன்றும் கொடுக்கவில்லை. மற்றச் சிஞோராமார் ஏன் என்று கேட்டபோது மட்டும், அவனைப் பொலிஸ் கொண்டு போனது என்றா. அது பொய்யும் இல்லை. இந்த நகரத்தில் எங்கடை வேலை வாயால் வருகிறது, வாயால் போகிறது. அவன் கிழமையில் இரண்டு நாள் துடைக்கப் போன வீடுகளும் வர வேண்டாம் என்றன. பெர்மெசோ முடிய மூன்று மாதம் இருந்தது. ஒப்பந்தம் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. அவனுடையது போனால் மனைவியினதும் பிள்ளையினதும் போகும். வுச்சீரியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். எழுத்து இல்லாத வேலை. அதைக் காட்டிப் புதுப்பிக்க ஏலாது.

இனி நான் சொல்லப்போவதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கிழவரை ஆசுப்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மகள் என்னைக் கேட்டா. பக்கத்துக் கட்டடத்து ஆள், அமைதியான ஆள், நீ வந்து பார்ப்பாயா என்று. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். ஒருவனுக்கு விட்டுப்போன வீட்டை எங்கடை இன்னொருவன் எடுப்பான். வெளி ஆளுக்கு விட மாட்டோம். என் சிஞோரா வீட்டில் சில மணித்தியால வேலைதான், இங்கே முழு நாள் ஒப்பந்தம். நான் ஓம் என்றேன். சவிரியிடம் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் வரும்தானே. அவன் எப்பவும் எனக்கு முன் வாங்கில்தான் இருப்பான். நான் அதற்குப் பிறகு தூணுக்குப் பின்னால் போய் இருந்தேன்.

அவொக்காத்தோ என்னைச் சவிரி என்றுதான் கூப்பிட்டார். பிறகு முகத்தைப் பார்ப்பார். ஓ, நீயா என்பார். புத்தி நல்ல தெளிவு. மகளிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், நான்தான் அனுப்பினேன், அவன் போக மாட்டேன் என்றான், நான்தான் அனுப்பினேன் என்று. மகள் போர்வையைச் சரி செய்தபடி ஓம் அப்பா என்பா. குசினியில் வந்து என்னிடம், அவருக்கு இரக்கம், அதுதான் அப்படிச் சொல்லுறார் என்பா.

ஒரு நாள் பேயார்ஸ் பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி கதைத்தார். மகளுக்குத் தன் பேச்சு மட்டும் போதாது, அவன் திரும்பி வந்துகொண்டு இருந்தான் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார். பையோடு வந்தான், வாசலுக்குக் கிட்ட மறித்தார்கள், இதைக் கண்ட ஒருவர் சொன்னால் காணும் என்றார். பிறகு தலையைத் திருப்பினார்.

"அந்த நேரம் நீ அந்தத் தெருவாலைதானே வாறனி?"

நாற்பது வருசம் ஆட்களிடம் கேள்வி கேட்ட மனிதர். நான் கத்தியைப் பார்த்தேன்.

கண்டேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். கண்டனி ஏன் மேலே போகவில்லை. அதோடு இந்த வீடும் போகும். என் புது பெர்மெசோ இந்த வீட்டு ஒப்பந்தத்தில்தான் வரப்போகிறது. சவிரிக்கு மிச்சம் இருந்தது ஒரு மாதம். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையால் அவனுக்குப் பழைய வீடு வராவிட்டாலும் பேர் திரும்பி வரும். பேர் வந்தால் வேறு வீடு வரும்.

"தெரியாது, அவொக்காத்தோ. நான் காணேல்லை" என்றேன்.

அவர் பழத்துண்டைச் சாப்பிட்டார். மிச்சம் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு என்னைச் சவிரி என்று பிழையாகக்கூடக் கூப்பிடவில்லை. சீட்டுக்கட்டு மேசையில் இருந்தது. ஒரு நாளும் என்னை விளையாடக் கேட்கவில்லை. ஐந்து கிழமை அப்படி இருந்தார். பிறகு நெஞ்சில் சளி பிடித்துச் செத்தார்.

அடக்கம் முடிந்து திறப்புக் கொடுக்கப் போனேன். மகள் அலுமாரிகளைத் திறந்து வைத்துத் தகப்பனின் உடுப்புகளை மடித்துக்கொண்டு இருந்தா. நல்லாய்ச் செய்தாய் என்றா, தன்னுடைய சிநேகிதிக்கும் ஆள் தேவை, உன்னைச் சொல்லியிருக்கிறேன் என்றா. நான் திறப்பை மேசையில் வைத்தேன். பிறகு சொன்னேன். ஏன் அப்போது வாய் வந்தது என்று எனக்குத் தெரியாது. கிழவர் கேட்டபோது வராத வாய்.

சவிரியை மறித்ததை நான் கண்டேன், சிஞோரா. கையில் பம்பஸ் இருந்தது. திரும்பி வந்துகொண்டுதான் இருந்தான். எனக்கு நாலு விரலைக் காட்டினான்.

அவவின் கையில் ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. அதை மடித்து முடித்தா.

"அப்ப நீ ஏன் மேலை போகேல்லை?"

"பயம், சிஞோரா."

"ஆருக்குப் பயம்?"

அவ சவிரியின் நம்பரைக் கேட்டா. எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிநேகிதியிடமிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை.

சவிரி அதற்கு முதல் கிழமைதான் வெளிக்கிட்டிருந்தான். வடக்கே ஒரு ஊரில் மச்சான்காரன் இருந்தான், அங்கே குடும்பத்தோடு போனான். பெர்மெசோ முடிந்துவிட்டது. மகள் அவனுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறா. தெரிந்த ஆட்களிடம் சொல்லி வேலை எடுத்துத் தருகிறேன், திரும்பி வா என்றிருக்கிறா. அவன் நன்றி சிஞோரா என்று சொல்லி வைத்துவிட்டான். வரவில்லை.

பின்னேரம் எனக்கு எடுத்தான். நான் பஸ்ஸில் நின்றேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். விழுந்தால் ஆறுதல்.

"அண்ணை, சிஞோரா எடுத்தவ."

"ஓம்."

"உங்களுக்கும் வீடு போச்சே?"

"போச்சு."

"அதை ஏன் இப்ப போய்ச் சொன்னனீங்கள்? கிழவரும் இல்லை. நானும் அங்கை இல்லை. ஆருக்கு லாபம்?"

நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். வாசல்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

பின்னால் பிள்ளை எதற்கோ அழுதுகொண்டு இருந்தது.

"விடுங்கோ அண்ணை. உங்களை மறிச்சு நான் கண்டிருந்தாலும் பாக்காமல்தான் போயிருப்பன்."

அவன் என்னை ஆற்றத்தான் சொன்னான். எனக்கு அதுதான் இன்றைக்கும் பாரம். பொலிஸ் எங்களை மறிக்கிறது, அது அவர்கள் செய்கிறது. மறித்த ஆளை நாங்கள் காணாமல் போகிறோம், அது நாங்கள் செய்கிறது. முதலாவது இரண்டாவதைக் கொண்டுவந்து தந்தது, அது உண்மை. அதற்காக அந்தப் பிழை அவர்களுடையது ஆகிவிடாது.

அதற்குப் பிறகு நான் மாறினேன். தைரியம் வந்து மாறவில்லை. பயத்தோடுதான். புதுப்பித்து வந்த அசல் பெர்மெசோவை மாதா படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிளாஸ்ரிக் உறை போட்டு, பையின் வாயை ஊசியால் குத்தி. துலைந்தால் துலையட்டும். ஒவ்வொரு வீட்டிலும் வாசல்காரருக்கோ அடுத்த கதவுக்கோ என் பேரைச் சொல்லி வைத்தேன். நான் இறங்கினால் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்றும் சொன்னேன். நான் வராவிட்டால் நீங்கள் மேலே போய்ப் பாருங்கோ என்றேன். ஏன் வர மாட்டாய் என்று ஒரு இத்தாலி அம்மா கேட்டா. சொன்னேன். நம்பாத மாதிரித்தான் பார்த்தா. ஆனால் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டினா.

எங்கடை ஆளை மறித்து வைத்திருந்தால் நிற்பேன். கிட்டப் போவதில்லை. அவனுக்கு என் முகம் தெரிகிற தூரத்தில், கையை வெளியே வைத்துக்கொண்டு. வீடியோ எடுப்பதில்லை. வாதாடுவதில்லை. தமிழில் ஒன்று மட்டும் கேட்பேன். வீட்டில் ஆர் தனிய?

முதல் தரம் கேட்டபோது பொலிஸ்காரன் என்னைக் கூப்பிட்டு, என்ன கதைக்கிறாய் என்றான். இத்தாலியில் சொன்னேன். போ என்றான். நிற்கிறேன் என்றேன். என்னுடைய பத்திரத்தையும் எடுத்து ஒரு மணித்தியாலம் வைத்திருந்தான். அன்றைக்குப் பிந்திப் போனதால் எனக்கு ஒரு வீடு போனது. அக்கா சொன்னது சரிதான், நின்றால் இரண்டு பேருக்குப் போகும். அதையும் மறைக்க மாட்டேன்.

இன்னொரு தரம் மறித்தவன் சொன்னான், மூன்றாம் மாடி, கண் தெரியாத அம்மா, அடுப்பில் பால். நான் போய் வாசல்காரரைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். பால்தான் எரிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

போன வருசம் முழங்கால் விட்டது. வேலையை நிற்பாட்டினேன். சீசாப் பகுதியில் குடியிருக்கிறேன், காலையில் பொல்லோடு கொஞ்சம் நடப்பேன்.

போன மாதம் அங்கே பஸ் தரிப்புக்குக் கிட்ட எங்கடை ஒருவனை மறித்து வைத்திருந்தார்கள். கையில் பாண் பை. எனக்கு முன்னால் எங்கடை இரண்டு பேர் போனார்கள். தலையைக் குனிந்து, ஓடாமல், ஒரே சீராக. நான் இருபது வருசம் நடந்த மாதிரியே. அவர்களை எனக்குத் தெரியும். மண்டபத்தில் என்னோடு தேத்தண்ணி குடித்த பிள்ளைகள். பேர் எழுத மாட்டேன். அதில் ஒருவர்தான் என்னை இதை எழுதச் சொன்னது.

நான் நின்றேன். கேட்டேன். அந்தத் தம்பி என்னைப் பார்த்தான். அவனிடம் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லைப் போல.

"ஒரு அம்மா, ஐயா. ரெண்டாம் மாடி. கட்டிலுக்குக் கம்பி போடாமல் வந்திட்டன்."

இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தேன். ஆறேழு கட்டடம்தான். எனக்கு இருபது நிமிசம் சென்றது. அடுத்த கதவில் தட்டித் திறப்பு வாங்கினேன். அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தா. ஒரு கால் நிலத்தைத் தேடிக்கொண்டு தொங்கியது.

எனக்கு முன்னால் போன உங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தூரத்துக்கு ஐந்து நிமிசம் போதும்.